வராதே என்று சொன்ன மறுநாள்

வெம்பக்கோட்டைப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் ஞானவடிவு டீச்சர் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது வெடிச்சத்தம் கேட்டது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. கிழக்கே, பட்டாசுக் கம்பெனி இருந்த திசையில், கறுப்பாகப் புகை எழும்பியது. அவள் கண் முதலில் பஞ்சம்மாள் உட்காரும் இடத்துக்குப் போனது. காலியாக இருந்தது.

முந்தின நாள் அந்தப் பிள்ளை பாடத்தில் தூங்கி விழுந்தது. "தூங்கணும்னா நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கே வராதே" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தாள் டீச்சர். அது தீபாவளி சீசன் நேரம். பள்ளிக்கூடம் வராத பிள்ளை கம்பெனிக்குத்தான் போயிருக்கும்.

ஜெபிக்கக் கண்ணை மூடினாள். "ஆண்டவரே" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

பக்கத்து வகுப்பு வாத்தியார் சீனிவாசகத்திடம் மட்டும்தான் சைக்கிள் இருந்தது. அவர் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கிறார் என்று ஞானவடிவு பள்ளி நிர்வாகியிடம் சொன்னதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. இப்போது அவர் வகுப்பு வாசலில் போய் நின்றாள்.

"சார், பஞ்சம்மா வரல. நாந்தான் வராதேன்னு சொன்னேன்."

அவர் சைக்கிளை எடுத்தார். "பின்னால உக்காருங்க டீச்சர். ஊரு என்னமும் சொல்லட்டும்."

கம்பெனி வாசலில் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். வேப்பமரத்தடியில் சாக்குப் போட்டு மூடிய சின்ன உடல் ஒன்று. பச்சைப் பாவாடையின் கரை வெளியே தெரிந்தது. பஞ்சம்மாளுக்கும் பச்சைப் பாவாடை உண்டு. போலீஸ்காரர் சாக்கை விலக்கினார். ஞானவடிவால் பார்க்க முடியவில்லை. சீனிவாசகம் குனிந்து பார்த்தார்.

"நம்ம பிள்ளை இல்ல டீச்சர்."

"ஸ்தோத்திரம்" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. அந்த நேரம் ஒரு தாய் ஓடிவந்து சாக்கின் மேல் விழுந்தாள். சொன்ன வார்த்தையை விழுங்க முடியாமல் ஞானவடிவு அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். அந்தத் தாயின் கையைப் பிடித்தவள் வெகுநேரம் விடவில்லை.

பஞ்சம்மாளைச் சீனிவாசகம்தான் கண்டுபிடித்துச் சொன்னார். கண்மாய்க் கரையில் பைக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"பள்ளிக்கூடம் வந்தா நீங்க வைவீக. வீட்டுல இருந்தா அம்மா கம்பெனிக்குப் போகச் சொல்லும். ராத்திரி பூராம் வீட்டுல வெடிக்குத் தாள் குழாய் உருட்டுதோம் டீச்சர். அதான் தூக்கம்."

"ஏன் தாயி நேத்தே சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

"என்னய மன்னிச்சிரு" என்று ஞானவடிவு கையை நீட்டினாள். பிள்ளை பின்வாங்கி, பிரம்பெடுக்கும் வாத்தியாரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது.

பஞ்சம்மாளின் தாய் ராக்காயி வேறு ஷெட்டில் இருந்ததால் தப்பியிருந்தாள். மகளைக் கம்பெனிக்கு அனுப்புவதை அன்றோடு நிறுத்தினாள். ஆனால் குழாய் உருட்டாமல் அடுப்பு எரியாது. அதனால் சாயங்காலங்களில் ஞானவடிவு அந்த வீட்டுக்குப் போய்க் குழாய் உருட்டக் கற்றுக்கொண்டாள். சில நாளில் சீனிவாசகமும் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், பசையை இம்புட்டு அப்பாதீக" என்பார்.

பஞ்சம்மாள் தள்ளி உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். கிழக்கே எங்காவது சத்தம் கேட்டால் படிப்பு நின்றுவிடும். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஒருநாள் அப்படிக் காத்திருந்தபோது, பிள்ளை நகர்ந்து வந்து டீச்சரின் சேலையைப் பிடித்துக்கொண்டது.