பதினொரு நாள்

மேசைமேல் இருந்த குட்டி ஸ்பீக்கரில் மறுபடியும் அந்தச் சத்தம் கேட்டது. நகம் தோலில் ஓடும் சத்தம். சிஸ்ஸெல் பன்னில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தினாள். வெளியே முற்றத்துச் சுவரோரம் தள்ளுவண்டிகள் இரண்டும் ஒட்டி நின்றன. அந்த ஊர் வழக்கப்படி, ஜனவரிக் குளிரிலும் குழந்தைகள் வெளியிலேயே கம்பளிக்குள் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள். மைக் அவள் மகள் ஆஸ்தாவின் வண்டியில் இருந்தது. வண்டி காலியாக நிற்கும்போதும், ஸ்பீக்கரை அணைத்த பிறகும் அவளுக்கு அந்தச் சத்தம் கேட்பதுண்டு. அதனால் உடனே எழவில்லை.

அன்று தாய்மார் குழு கூடும் முறை அவள் வீட்டில். ஒரே மாதத்தில் பெற்ற ஐந்து பேரை, வீடு வீடாக வந்து குழந்தைகளைப் பார்க்கும் நர்ஸ் இங்கெர்தான் சேர்த்துவிட்டிருந்தார். காய்ச்சல் காலம், தாய்மாரில் போடில் மட்டும் வந்திருந்தாள்; கூட இங்கெரும். போடிலுக்குப் பால் சுரக்கவேயில்லை. மகன் எஸ்கில்த் முதல் வாரத்திலிருந்தே டப்பா பால்தான். இப்போது அவன் கன்னம், முழங்கை மடிப்பெல்லாம் அரித்துச் சிவக்கும் எக்ஸிமா. மாமியார் வாய்திறந்து எதுவும் சொல்வதில்லையாம். களிம்பு பூசும்போதெல்லாம் பால் டப்பாவை ஒரு பார்வை பார்ப்பாராம். அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்த போடில் அழுதுவிட்டாள்.

இங்கெர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இங்க பாரு போடில். இந்தப் பாலாலதான் வந்துது, அந்தப் பால் குடிச்சிருந்தா வந்திருக்காதுன்னு அடிச்சுச் சொல்ல யாராலயும் முடியல. ஆஸ்தாவ எடுத்துக்கோ. நாலு மாசம் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு கிடையாது. அவளுக்கும் வந்துதானே இருக்கு?"

போடில் சிஸ்ஸெலைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த நன்றியை என்ன செய்வதென்று சிஸ்ஸெலுக்குத் தெரியவில்லை.

பதினொரு நாள். ஆஸ்தா பிறந்த மூன்றாவது வாரத்தில் தொடங்கியது. காம்பு வெடித்து, பாலோடு ரத்தமும் வந்தது. கணவன் ரூனே வேலைக்குக் கிளம்பியதும் டப்பா பாலைக் கரைத்துப் புகட்டுவாள். டப்பா நிலவறையில், சலவைத்தூளுக்குப் பின்னால் இருந்தது. மாலையில் ரூனே வந்து, இந்த வீட்டுப் பால்பண்ணைக்கு மட்டும் லீவே கிடையாது என்று கேலி செய்வான். அவளும் சிரிப்பாள். பிறகு புண் ஆறியது, டப்பா பாலை நிறுத்தினாள். எடை பார்க்க வந்த இங்கெர், தாய்ப்பால் மட்டும்தானே என்று கேட்டபோது தலையாட்டினாள். இங்கெர் எழுதிக்கொண்டார். ஐந்தாம் மாதம் ஆஸ்தாவின் முழங்கால் மடிப்பில் முதல் சிவப்பு தெரிந்தது. டப்பாவில் இன்னும் பாதி இருக்கிறது. அதைத் தூக்கியெறிய அவளால் முடியவில்லை.

ஸ்பீக்கரில் மறுபடியும் நகம் ஓடியது. இந்தத் தடவை இங்கெரும் திரும்பிப் பார்த்தார். சிஸ்ஸெல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

ஆஸ்தாவின் கைகள் பருத்தி உறைக்குள் அசையாமல் கிடந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. சத்தம் நிற்கவில்லை. அடுத்த வண்டியில் எஸ்கில்த், தூக்கம் கலையாமலே, கன்னத்தைச் சொறிந்துகொண்டிருந்தான். ஒரு கையுறை கழன்று கம்பளிமேல் கிடந்தது. சிஸ்ஸெல் அந்தச் சின்னக் கையைத் தன் உள்ளங்கையில் மூடினாள்.

பின்னால் கதவு திறந்தது. போடில் அவளருகே வந்து நின்றாள்.

"இன்னிக்கு மாமியார்கிட்ட சொல்லப்போறேன். ஒரு சொட்டு டப்பா பால் குடிக்காத பொண்ணுக்கும் இது இருக்குன்னு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உன் பேரச் சொல்லலாமில்ல?"

"போடில்..." என்றாள் சிஸ்ஸெல்.

அவள் மூச்சு வெண்புகையாக இருவருக்கும் நடுவே நின்றது. மூடிய கைக்குள் குழந்தையின் நகங்கள், இப்போது அவள் தோலை, விடாமல் சொறிந்துகொண்டிருந்தன.