யார் வேண்டுமானாலும் எழுதலாம்

பெரிய சகலைக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? இதே அலுவலகத்தில் அவர் தலை நரைக்க உழைத்திருக்க, மனைவியின் தங்கையைக் கட்டியவன், நேற்று வந்தவன், புதுப் பிரிவின் தலைவர் பதவிக்குப் போட்டியாக நிற்கிறான். அலுவலகத்தில் இருவருக்கும் பெரிய சகலை, சின்ன சகலை என்றே பெயர். இன்று மதியம் சின்னவனின் பேருந்து அட்டவணை நிரல் மேலாளர் முன்னால் ஒழுங்காக ஓடிவிட்டால் பதவி அவனுக்கு.

"என்ன சகலை, சாப்பிட வரலயா?" வரிசைப் பல் தெரியச் சிரித்தான் சின்னவன்.

"பசிக்கல. நீங்க போங்க."

"கிளையிலேர்ந்து வந்த என் நிரல் கோப்பு மூட்டைய சர்வர்ல பிரிச்சு வச்சுட்டேன். ரூட்லயே பிரிச்சேன், சட்டுனு முடிஞ்சுது."

ரூட் என்றால் சர்வரையே ஆட்டிவைக்கும் கணக்கு. அதன் கடவுச்சொல்லை மேலாளர் இவனுக்குத்தான் கொடுத்திருந்தார். அந்த எரிச்சல் தனி.

அவன் நகர்ந்ததும் பெரியவர் அந்த இடத்தைத் திறந்து பார்த்தார். பார்த்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சாதாரணக் கணக்கில் பிரித்தால், மற்றவர்கள் கைவைக்காதபடி சர்வரே அனுமதிகளைக் குறைத்துவிடும். ரூட்டில் பிரித்தால் மூட்டை கட்டியவர் வைத்த அனுமதி அப்படியே வந்து இறங்கும். கட்டிய புண்ணியவான் எல்லாவற்றையும் திறந்துபோட்டிருந்தான். சர்வரில் கணக்குள்ள யாரும் எந்தக் கோப்பிலும் எழுதலாம்!

'எல்லாரும் எழுதலாம்னா, எழுதினது யாருன்னு எவனுக்குத் தெரியும்?'

ஒரே ஒரு கட்டளை. பயண நேரத்தைக் கூட்டும் இடத்தில் கழித்தல் குறி. முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

மதியம், கூட்ட அறை. பெரிய திரையில் நிரல் ஓடியது. மேலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"என்னப்பா இது? பஸ் கிளம்புறதுக்கு முன்னாடியே போய்ச் சேருது?"

"டிரைவருக்கு அவ்வளவு அவசரம் போல மேடம்!" என்றார் கணக்காளர். அறை குலுங்கியது.

சின்னவன் முகம் வெளுத்தது. பெரியவருக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது.

"ஒரு நிமிஷம் மேடம்." சின்னவன் தன் மடிக்கணினியில் கோப்புகளின் பட்டியலைத் திறந்தான். பின்னாலிருந்து பெரியவர் எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் அதன் உரிமையாளர் பெயர். ரூட், ரூட், ரூட்...

பெரியவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் அடித்த கட்டளை பழைய கோப்பைத் திருத்தாது. அதைத் தூக்கிவிட்டு, அதே பெயரில் புதுக் கோப்பு எழுதும். புதுக் கோப்பு எழுதியவனுக்கே சொந்தம். எத்தனை பேருக்குப் பாடம் எடுத்த விஷயம்! பொறாமைப் புகையில் மறந்து தொலைந்தது. உரிமையை மாற்றி வைக்க ரூட் வேண்டும். அது அவரிடம் இல்லை.

பட்டியல் நகர்ந்தது. நின்றது. நடுவில் ஒரே ஒரு வரியில் அவர் கணக்கின் பெயர்.

சின்னவன் திரும்பி அவரைப் பார்த்தான். பிறகு பட்டியலை மூடினான்.

"என் தப்பு மேடம். ரூட்ல பிரிச்சு, யார் வேணா எழுதுற மாதிரி விட்டுட்டேன்."

"யாரோ எழுதியிருக்காங்கன்னு சொல்றியா? யாரு?"

"அத விடுங்க மேடம். திறந்து போட்டது நான்தானே."

மேலாளர் பேனாவால் மேசையைத் தட்டினார். "இவ்வளவு அஜாக்கிரதையா இருக்கற ஆள நம்பி எப்படிப்பா பிரிவக் கொடுக்கறது? பெரியவரே, நீங்களே எடுத்துக்கங்க."

கைதட்டல்! கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் எல்லோர் கண்ணும் சின்னவன் மேல்தான் இருந்தது. "பழியத் தானே ஏத்துக்கிட்டான் பாரு, தங்கமான பையன்," என்று கணக்காளர் கிசுகிசுத்தார்.

சின்னவன் அருகில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னான். "வாழ்த்துகள் சகலை. சாயங்காலம் அந்தப் பேர ரூட்னு மாத்திடறேன். குடும்பத்துல எதுக்கு வீணா மனஸ்தாபம்?"

பதவியைக் கொடுத்துவிட்டுப் பெரிய மனுஷன் பட்டத்தையும் இவனே தட்டிக்கொண்டு போவானா? ஆயுசு முழுக்க இந்தப் பல்வரிசைக்கு நன்றி சொல்லிக்கொண்டு திரிவதா? பெரியவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"மேடம்! எழுதினது நான்தான்."

பெரியவர் மேலாளரைப் பார்க்கவில்லை. சின்னவனைத்தான் பார்த்தார். சிரிப்பு போய்விட்டதா என்று.