எண் இல்லாத பிரேம்

இத்தாலியின் பாதுவாவில், சைக்கிள் செய்யும் தன் பட்டறைக்கு வந்த பழைய சைக்கிள் பிரேமைத் தலைகீழாகத் திருப்பினார் எவாரிஸ்தோ. அடியில் எண் இல்லை. விற்கிற பிரேமுக்குத்தான் அவர் எண் அடிப்பார். வீட்டுப் பிள்ளைக்குச் செய்ததற்கு அடிப்பதில்லை. பக்கத்திலேயே, தப்பாகத் துளைத்துப் பித்தளையால் அடைத்த ஓட்டை. "ஏம்பா, கண்ணை வீட்டுல வெச்சுட்டு வந்தியா?" என்று, அதைத் துளைத்த அன்று மகள் நிவெஸ் சிரித்தாள். பாழாய்ப்போன ஒரு சண்டையில் இதே சைக்கிளில் ஏறிப் போனவள்தான். இருபது வருடம் வீம்புக்கு அவரும் தேடவில்லை.

"எங்க வாங்கின?"

"தூரின்ல, மாஸ்டர். இதை வெச்சிருந்த அம்மா செத்துட்டாங்களாம். கடைசி வரைக்கும் கூடத்துலயே மாட்டியிருந்தாங்களாம்," என்றான் பிரேமைக் கொண்டுவந்த வியாபாரி. "யார் செஞ்சதுன்னு தெரிஞ்சா நல்ல விலைக்குப் போகும்."

எவாரிஸ்தோவின் கட்டைவிரல் பித்தளையைத் தடவிக்கொண்டேயிருந்தது.

"இது விக்கறதுக்குச் செஞ்சது இல்லப்பா."