திருத்தக் கட்டம்

அடுத்த அறையிலிருந்து தராசு கூப்பிட்டபோது நான் சாப்பாட்டு டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தேன். தராசு என்பது அவருடைய பட்டப்பெயர். எங்கள் ஆய்வகத்தில் எந்தக் கருவி சரியாக அளக்கிறது, எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. மனிதர்களையும் அதே கண்ணால்தான் பார்ப்பார்.

"உன் கருவிக்கு ஒரு நோயும் இல்லம்மா."

"நல்லா பாருங்கண்ணே. பதினோரு மாசமா எண் ஏறிக்கிட்டே இருந்துச்சு."

"மூணு தடவை பாத்துட்டேன். தொட்டியில வச்சு எவ்வளவு அழுத்தம் கொடுத்தாலும் அதை அப்படியே காட்டுது."

எனக்கு எப்போதும் முதலில் வருவது கோபம்தான். தொட்டி சரியில்லை, வயர் சரியில்லை, உங்கள் கண்ணாடியை மாற்றுங்கள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். பூஜ்யம் கொடுத்த இடத்தில் பூஜ்யம். நாற்பது கொடுத்த இடத்தில் நாற்பது.

அந்தக் கருவி ஆயிரத்து எண்ணூறு மீட்டர் ஆழத்தில், கடலடிச் சரிவு ஒன்றில் இருந்தது. சேற்றுக்குள் பத்து மீட்டர் இறக்கிய இரும்புத் தண்டின் தலையில் பொருத்தியிருந்தோம். சேற்றுக்குள் மாட்டிக்கொண்ட தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் எவ்வளவு முட்டுகிறது என்று அளப்பதே அதன் வேலை. சுடுநீரில் கழுவிய கிண்ணத்தை ஈரமான சமையல் மேடையில் கவிழ்த்து வைத்தால், யாரும் தொடாமலே நகரும், பார்த்திருப்பீர்கள். அடியில் சிக்கிய காற்று சூடாகி அதை லேசாகத் தூக்கிவிடுகிறது. சேற்றுச் சரிவைத் தண்ணீர் தூக்கினாலும் அதே கதைதான். என்ன, கிண்ணம் ஒரு ஊர் அளவுக்குப் பெரியது.

மாதம் நான்கு அலகு வீதம் எண் ஏறியது, அடிக்கோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. இவ்வளவு ஒழுங்காக எதுவும் ஏறாது, கருவிக்கு வயதாகிவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதினேன். எங்கள் தொழிலில் இது சகஜம். கருவி கொஞ்சம் கொஞ்சமாகத் தடம் மாறும், மாறியதைக் கழித்துவிடுவோம். 'திருத்தம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நான்கு, எட்டு, பன்னிரண்டு என்று நாற்பத்து நான்கு வரை கழித்தேன். மாதாமாதம் பூஜ்யம் வந்தது. 'சரிவு உறுதியாக உள்ளது. கருவி பழுது, மாற்றவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மாற்றத்தான் என் தம்பி இப்போது கீழே போயிருந்தான். மூன்று பேர் உட்காரும் சின்ன நீர்மூழ்கிக்கு அவன்தான் ஓட்டுநர். பழைய கருவியைப் போன வாரம் கழற்றி அனுப்பியதும் அவனே.

என் அறைக்கு ஓடி, நீர்மூழ்கியை இறக்கிய கப்பலைக் கூப்பிட்டேன். ரேடியோக்காரர் நிதானமாகப் பேசினார்.

"அவங்க சேத்துல உக்காந்து ஒரு மணி நேரம் ஆச்சு மேடம். கருவியை மாட்டியாச்சு."

"கிளம்பச் சொல்லுங்க. இப்பவே."

"யாரோட உத்தரவுன்னு எழுதிக்கட்டும்?"

"உத்தரவெல்லாம் இல்ல. நான் தப்பு பண்ணிட்டேன். என் கணக்கு தப்பு. அந்தச் சரிவு எப்ப வேணும்னாலும் விட்டுடும்."

பன்னிரண்டு வருட வேலையில் 'என் தப்பு' என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. அவர் மறுபேச்சில்லாமல் கீழே இணைத்தார். தண்ணீர் வழியாகக் குரல் போய்த் திரும்ப ஒவ்வொரு முறையும் மூன்று நொடி ஆனது.

"என்னக்கா, சாப்பிட்டியான்னு கேக்கவா இவ்வளவு தூரம்?"

"டேய், புதுக் கருவி என்ன காட்டுது?"

"நாப்பத்தேழு. இதுவும் ஓட்டை போல. நீ வாங்குற சாமானே அப்படித்தான்."



"அது சரியாத்தான்டா காட்டுது. பழசும் சரியாத்தான் காட்டியிருக்கு. கிளம்பு."

"இன்னும் மாதிரிக்குச் சேறு எடுக்கணும். அரை மணி நேரத்துல..."

"அப்படியே போட்டுட்டுக் கிளம்புடா. உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

நான் அவனைத் திட்டித்தான் அவனுக்குப் பழக்கம், கெஞ்சிப் பழக்கமில்லை. மூன்று நொடி போயிற்று, ஆறு போயிற்று.

"சரிக்கா. கீழ இழுத்து வச்சிருந்த எடையைக் கழட்டி விட்டுட்டேன். ஏறுறோம்."

மேலே வர ஒரு மணி நேரம் ஆகும். ரேடியோக்காரர் ஆழத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆயிரத்து எழுநூறு, ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது. தராசு என் டப்பாவை மூடி மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நான் அவர் முன்னாலேயே அழுதேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

தம்பி கப்பலில் ஏறிய பிறகு அவனே பேசினான். குரலில் கேலி இல்லை.

"அக்கா, பாதி வழியில கீழ ஒரு சத்தம் கேட்டுச்சு. உன்கிட்ட அப்போ சொல்லல."

"என்ன சத்தம்?"

"மேல வந்து ஆழம் பாத்தோம். நாங்க உக்காந்திருந்த இடமே இல்லக்கா. மொத்தமா போயிடுச்சு. முன்னைவிட முப்பத்தேழு மீட்டர் ஆழம் கூடியிருக்கு."

நோட்டை இழுத்து முப்பத்தேழு என்று எழுதினேன். அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். முப்பத்தேழா, அவ்வளவு இருக்காதே என்று மனதில் ஓடியது. குனிந்து பார்த்தேன். பக்கத்தில் திருத்தக் கட்டத்தில் என் கை ஏற்கெனவே ஒரு கழித்தல் குறி போட்டிருந்தது.

தராசு அதைப் பார்த்துவிட்டு என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார்.