அசனத்தன்று வந்த கிடா

எங்கள் ஊரில் யாராவது வேதாகமத்தில் பிறந்த இங்கிலீஷ் சொல்லொன்றை வாய்தவறிச் சொல்லிவிட்டால், அது பிறந்த அதிகாரத்திலிருந்து உரிய ஆள் வந்துவிடும். போஸ்ட்மாஸ்டர் ஞானதிரவியம் ஒருமுறை ‘ரைட்டிங் ஆன் த வால்’ என்றார். தானியேலிலிருந்து ஒரு கை வந்தது, மணிக்கட்டோடு சரி. அவர் நாள் முடிந்ததென்று சுவரில் எழுதிவிட்டுப் போயிற்று. அவர் வெள்ளையடித்துப் பார்த்தார். சுண்ணாம்பு காய்வதற்குள் அவருடைய அடக்கம் முடிந்தது.

ஆகவே எல்லோரும் பார்த்துத்தான் பேசுவோம். முப்பது வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த நான்தான் சபைக் கமிட்டியில் ஊர்ப் பழியையெல்லாம் என் தலையில் போட்ட கோபத்தில், “என்னை ஸ்கேப்கோட் ஆக்காதீங்கய்யா” என்றுவிட்டேன். செயலாளர் தன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஞாயிறு விடியலில் லேவியராகமத்திலிருந்து வெள்ளாட்டுக்கிடா வந்து வாசலில் நின்றது. முறை தெரிந்ததுதான். அதன் தலையில் இரண்டு கையையும் வைத்து, ஊர்ப் பாவத்தையெல்லாம் சொல்லி, பொழுது சாய்வதற்குள் தேரிக்காட்டுச் செம்மணலில் விட்டுவர வேண்டும். தவறினால் அந்த இங்கிலீஷ் சொல்லைச் சொன்னவனே போக வேண்டும். அப்படிப் போனவர்கள் திரும்பியதில்லை.

கிடாவைச் சபைக் கோயில் வேப்பமரத்தில் கட்டிவைத்து இரண்டு மணி நேரம் சொன்னேன். ஊர் பெரியது. கிடாவின் கால்கள் நடுங்கின. தொண்டை வறண்டு தண்ணீர் குடிக்கப் போனேன். அன்று அசனம், சபை முழுக்கப் பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு தின்னும் நாள். என்னையும் பிடித்து முதலில் வெங்காயம் உரிக்கவும், மதியம் திரும்பியதும் பந்தியிலும் உட்காரவைத்துவிட்டார்கள்.

இரண்டாம் தடவை கறி போடும்போது சமையல்காரன் செல்வின் குனிந்தான்.

“சார்வாள், மரத்தடியில நின்னதையும் சேத்து அறுத்துட்டேன். கறி பூவா இருக்குல்லா?”

என் கை இலையிலேயே நின்றது. “ஏல, அது தேரிக்குப் போற கிடால!”

“ஒரு வார்த்தை சொல்லப்படாதா சார்வாள்? அசனத்தன்னைக்கு மரத்துல கட்டுனா அறுக்கத்தானே செய்வோம்?”

குருவானவர் வானத்தைப் பார்த்தார். மணி மூன்றிருக்கும். “சாப்பிட்டுட்டே போங்க சார். தூரம் கூடுதல்லா.”

கை கழுவியவர்கள் வரிசையாக வந்து என் தலையில் கைவைத்தார்கள். பாவத்தை மறுபடி முதலிலிருந்து சொன்னார்கள். கழுத்து வலித்தது. கடைசியாக என் மனைவி புஷ்பம் வந்தாள். நெடுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு என் கழுத்தில் கயிற்றை முடிந்து, “இறுக்குதா?” என்று கேட்டாள்.

என்னைத் தேரியில் விட்டுவிட்டு ஊரார் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். மணல் மேட்டுக்கு அந்தப்புறம் அடுத்த ஊர்க்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அசனம் வருகிற ஞாயிறாம். ஒருவர் என் பல்லைப் பிடித்துப் பார்த்தார். மற்றவர் ஒரு பிடி அகத்திக்கீரை நீட்டினார்.

இளங்கீரை. நன்றாகத்தான் இருந்தது.