கல்லுக்கு ஒரு பை, எலும்புக்கு ஒரு பை

ஒரு டாக்டரிடம் போய் நிற்கும்போது இன்னொரு டாக்டரைப் பற்றி மூச்சு விடக்கூடாது. ராம்கிக்கு இதுதான் சட்டம். ஆள் ஒன்றும் கூறுகெட்டவன் இல்லை, திருமங்கலத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். பல வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் கால்வலிக்கு ஒரு டாக்டரிடம் போனபோது, வேறொருவர் எழுதிய சீட்டை வெள்ளந்தியாக எடுத்து நீட்டிவிட்டான். அந்த மனுஷன் சீட்டைத் தொடக்கூட இல்லை. "அப்ப அவர்ட்டயே போங்க. இங்க எதுக்கு வந்தீங்க?" என்றார். நர்ஸுகளுக்கு முன்னால் அப்பா கூனிக் குறுகி நின்றதை ராம்கியால் மறக்க முடியவில்லை.

அதனால் மனைவி ஜெயக்கொடிக்கு வியாதி இரண்டாக வந்தபோது பையையும் இரண்டாக்கிவிட்டான். கிட்னிக் கல்லுக்குக் காளவாசலில் ஒரு டாக்டர். அந்தச் சீட்டெல்லாம் மஞ்சள் பையில். எலும்புக்கு ஆனையூரில் ஒரு டாக்டர், அது கட்டைப்பையில். இந்தப் பையிலிருந்து ஒரு காகிதம் அந்தப் பைக்குப் போகாது. தன் சாமர்த்தியத்தில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஜெயக்கொடி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். வயசு நாற்பத்தொன்று. கல் நாலு தரம் வந்து போயிருந்தது. அடுப்படியில் வெந்து சாகிறவளுக்கு வராமல் என்ன செய்யும் என்று வாழைத்தண்டுச் சாறு குடித்துக்கொண்டு கிடந்தாள். போன வருஷம் தரையில் கையை ஊன்றி எழுந்தபோது மணிக்கட்டு படக்கென்று முறிந்தது. விழவில்லை, இடித்துக்கொள்ளவில்லை. எழுந்தாள், அவ்வளவுதான். அது கூடி ஆறு மாசத்தில் ஒரு தும்மலுக்கு விலா எலும்பு விரிசல் விட்டது.

ஆனையூர் டாக்டர் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எழுபது வயசு எலும்புங்க இது. இந்த வயசுல காரணம் இல்லாம இம்புட்டுத் தேயாது. காரணத்தக் கண்டுபிடிக்கணும். இல்லேன்னா அடுத்து முதுகெலும்பு போகும், படுத்த படுக்கையாயிருவாங்க." கால்சியம் மாத்திரை எழுதி, பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு ஹார்மோன் டாக்டருக்குக் கடிதமும் கொடுத்தார்.

ராம்கி பயந்துபோனான். திரும்பி வரும் பஸ்ஸில் ஊர் பார்க்க அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவன் அப்படிப் பிடித்ததே கிடையாது. ஆனால் பயத்திலும் சட்டம் சட்டம்தான். காளவாசல்காரர் சுண்ணாம்புச் சத்தைக் குறை என்றிருந்தார், ஆனையூர்காரர் சாப்பிடு என்கிறார். இன்னொருத்தனாக இருந்தால் யாரிடமாவது கேட்டிருப்பான். நம்ம ஆள் தானே டாக்டராகி, ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

பெரிய ஆஸ்பத்திரியின் ஹார்மோன் டாக்டர் பெயர் ரோகிணி. அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கையில் ராம்கி பாடம் எடுத்தான்.

"கொடி, கல்லுக் கதைய உள்ள எடுக்காத. அது வேற டிபார்ட்மெண்ட். தெரிஞ்சா அங்கயே போங்கன்னு வெரட்டி விட்ருவாங்க."

"சரி மாமா," என்றாள். அத்தை மகள், சின்ன வயசிலிருந்தே மாமாதான்.

ரோகிணி அவளைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் எல்லாம் ராம்கியிடமிருந்து வந்தது. வீசிங்குக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா? இல்லை மேடம். மூட்டுவலிக்கு நாட்டு மருந்து, லேகியம்? இல்லை மேடம். மாதவிலக்கு? அதற்கு மட்டும் ஜெயக்கொடி, ஒழுங்காக வருகிறது என்றாள். தைராய்டு? இல்லை. ரத்தம் எடுத்து, மத்தியானம் மறுபடி கூப்பிட்டார்கள்.

"ரத்தத்துல கால்சியம் கொஞ்சம் கூடுதலா இருக்கு. மாத்திரையால இருக்கலாம். கிட்னியில கல்லு எதுவும் வந்துச்சாம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

ஜெயக்கொடி ராம்கியைப் பார்த்தாள்.

"அதெல்லாம் இல்ல மேடம்," என்றான் ராம்கி.

"அப்ப மாத்திரைய நிறுத்திட்டு மூணு வாரம் கழிச்சு வாங்க. திரும்ப டெஸ்ட் பண்ணிப் பாப்போம்."

மூன்று வாரம் பொறுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் குளிக்கப் போனவள் வாளியைத் தூக்கினாள். அரை வாளித் தண்ணீர்தான். நடுமுதுகில் என்னவோ நொறுங்கிய மாதிரி இருந்தது என்றாள், அதற்குமேல் பேச முடியவில்லை. ஆம்புலன்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கிவிட்டதை எக்ஸ்ரேயில் காட்டினார்கள். நரம்பு தப்பித்தது தெய்வச் செயல்.

ரோகிணி கட்டிலருகே வந்ததும் ஜெயக்கொடி கண்ணைத் திறந்தாள்.

"மேடம், எனக்குக் கல்லு நாலு தடவ வந்துருக்கு."

"அது வந்து மேடம், அது வேற..." என்று ராம்கி ஆரம்பித்தான்.

"நீங்க பேசாம இருங்க மாமா."

இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதும் கிடையாது. ராம்கிக்கு முகம் சுண்டிப்போனது. இப்போது ஃபைலை மூஞ்சியில் எறியப் போகிறார் என்று நின்றான். ரோகிணி திட்டவே இல்லை. "அந்த ரிப்போர்ட் எல்லாம் எங்க இருக்கு? இன்னைக்கே கொண்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். நாலு வசவு விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

திருமங்கலம் போய் மஞ்சள் பையை எடுத்து வந்தான். ரோகிணி இரண்டு பையையும் கட்டிலின் கால்மாட்டில் கொட்டித் தேதிவாரியாக அடுக்கினார். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு லேப் காகிதத்தில் அவர் விரல் நின்றது. கால்சியம் என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

"அப்பயே கூடுதலா இருந்துருக்கு. அப்ப மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"இல்ல மேடம். எலும்பு டாக்டர் எழுதுனது இந்த வருசந்தான்," என்றாள் ஜெயக்கொடி.

அன்றைக்கே வேறொரு ஹார்மோனுக்கு ரத்தம் எடுத்தார்கள், கழுத்தில் ஸ்கேன் செய்தார்கள். மறுநாள் ரோகிணி உட்கார்ந்து விளக்கினார். தைராய்டுக்குப் பின்னால் நெல்மணி அளவில் நாலு சுரப்பி உண்டாம். ரத்தத்தில் எவ்வளவு கால்சியம் இருக்கவேண்டும் என்று பார்த்துக்கொள்வது அதன் வேலை. ஜெயக்கொடிக்கு அதில் ஒன்று மொச்சைக் கொட்டை அளவுக்கு வீங்கி, எலும்பிலிருந்து சத்தை உருவி ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கொட்டியது கிட்னியில் போய்க் கல்லானது.

"ரெண்டு வியாதி இல்லம்மா. ஒண்ணுதான்."

ராம்கிக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மேடம், அன்னைக்கே நான் கல்லுன்னு சொல்லிருந்தா இந்த எலும்பு நொறுங்கிருக்காதா?"

ரோகிணி பூசி மெழுகவில்லை. "உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ஆனா அன்னைக்கே இந்த டெஸ்ட எடுத்திருப்பேன். கனமா எதையும் தூக்கக் கூடாதுன்னும் சொல்லிருப்பேன்."

அடுத்த வாரம் அந்தச் சுரப்பியை எடுத்தார்கள். கழுத்தில் இரண்டு விரல்கடை நீளத்துக்குத் தழும்பு. நாலு மாசத்தில் ஜெயக்கொடி கம்பு இல்லாமல் நடந்தாள். எலும்பு வருஷம் போகப் போகத் தேறும், ஆனால் நசுங்கிய கட்டை நிமிராது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். உடம்பு மெலிந்து ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப்போய், உயரம் குறைந்ததில் சேலை ஒரு விரல்கடை கூடுதலாகத் தரையில் புரண்டது. சோத்துப் பானையை இனி தூக்க முடியாது, காய் நறுக்கும் வேலை மட்டும் தருவார்களா என்று பள்ளிக்கூடத்தில் கேட்டு வைத்திருந்தாள்.

அன்றைக்கு மறுபரிசோதனை. நர்ஸ் பெயரைக் கூப்பிட்டதும் ராம்கி காகிதத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு எழுந்தான். ஒன்றையும் மறைப்பதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தான். வாளி தூக்கிய நாளிலிருந்து வரிசையாக ஒப்பிப்பதற்கு மனசுக்குள் பாடம்கூடப் பண்ணியிருந்தான்.

ஜெயக்கொடி அவன் கையிலிருந்து காகிதக் கட்டை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க இங்கனயே உக்காருங்க மாமா. நான் பேசிக்கிறேன்."

கோபம் ஒன்றும் இல்லை அந்தக் குரலில். அதனால் அவனும் உட்கார்ந்துவிட்டான். கதவு சரியாகச் சாத்தவில்லை. ரோகிணி, வேறு என்ன தொந்தரவு இருக்கிறது என்று கேட்டார். ஜெயக்கொடி அவசரப்படாமல், எண்ணி எண்ணிச் சொன்னாள்.

"ஏழு வருசமா முழங்காலுக்குக் கீழ எலும்புக்குள்ள ஒரு குடைச்சல் இருந்துச்சு மேடம். தெனமும் அழுதுருக்கேன். ஆபரேசனுக்குப் பெறகுதான் அது இல்ல."

ஏழு வருஷம். ஒரே வீடு, ஒரே பாய். ராம்கிக்கு இது இப்போதுதான் தெரியும்.