டைம் ஸ்டெப்பைக் கூட்டு

பேராசிரியர் பலவேசத்தைப் பழிவாங்க வேண்டும் என்று கிருபாவதி நினைக்காத நாளில்லை. அவரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து, குழாய்க்குள் தண்ணீரும் காற்றும் முட்டிமோதுவதைக் கணக்கிடும் புரோகிராமைக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு எழுதியவள் அவள். கட்டுரை வெளிவந்தபோது அவர் பெயர் மட்டும் இருந்தது. போய்க் கேட்டாள். "டைப் அடிச்சதுக்கெல்லாம் டாக்டர் பட்டம் குடுப்பாகளாம்மா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவள் வயிற்றில் நெருப்பாகக் கிடந்தது.

இத்தனைக்கும் அந்தக் கணக்கு பிறந்தது கம்பத்துத் திராட்சைத் தோட்டங்களில். ஆற்றோரக் கிணற்றிலிருந்து மேட்டுத் தோட்டம்வரை நீளக் குழாய் போட்டிருப்பார்கள். காற்று வெளியேற மேட்டில் ஒரு துவாரம் வைத்தால், அதில் தண்ணீர் பீச்சி வீணாகிறதே என்று தோட்டக்காரர்கள் கட்டையை அடித்து அடைத்துவிடுவார்கள். அப்புறம் மோட்டாரைப் போட்டதும் உள்ளே சிக்கிய காற்றைத் தண்ணீர் நசுக்கும், காற்று திருப்பி உதைக்கும், குழாய் வெடிக்கும். ராக்கப்பன் என்ற தோட்டக்காரரின் குழாயில் கருவி மாட்டி, வெயிலில் காய்ந்து அந்த அழுத்தத்தை அளந்தவளும் கிருபாவதிதான். பலவேசம் சார் அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

2003இல், குழாய்த் திட்டங்களுக்கு அந்தப் புரோகிராமை எடுத்துக்கொள்ளலாமா என்று பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு குழு தேனிக்கு வந்தது. ராக்கப்பனையும் அழைத்திருந்தார்கள். "என் புரோகிராம், என் முறை" என்று சார் முழங்கினார். ஆனால் அதை ஓட்டத் தெரியாதே! கம்ப்யூட்டர் முன்னால் கிருபாவதியை உட்காரவைத்திருந்தார்.

"முடிய எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

"சாப்பாட்டு நேரம் தாண்டிரும் சார்" என்றாள் கிருபாவதி.

சாரின் முகம் கறுத்தது. "டைம் ஸ்டெப்பைக் கூட்டு. பத்து மடங்கு கூட்டு."

குழாயைச் சிறுசிறு துண்டாக நறுக்கி, நொடியையும் பொடிப்பொடியாக்கி, ஒவ்வொரு பொடிக்கும் கணக்குப் போட வேண்டும். அந்தப் பொடிதான் டைம் ஸ்டெப். பொடியைப் பெரிதாக்கினால் கணக்கு சீக்கிரம் முடியும்; ஆனால் அதற்குள் அழுத்த அலை ஒரு துண்டைத் தாண்டிவிட்டால் கணக்கு வெறிபிடித்து ஓடும். முதல் வருடத்திலேயே இதில் அடிபட்டவள் கிருபாவதி. சார் பட்டதில்லை, அதனால் படித்ததுமில்லை.

அவர் காதோடு சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். நாலு பேர் முன்னால் சொன்னால் முறுக்கிக்கொள்வார் என்பதும் அவளுக்குத் தெரியும். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "கூட்டினா தப்பா வரும் சார்."

"என் புரோகிராமைப் பத்தி எனக்கே பாடமா? சொன்னதைச் செய்ம்மா!"

"சரிங்க சார்." கூட்டினாள். மனசு குளுகுளுவென்று இருந்தது.

திரையில் கோடு கொஞ்சதூரம் ஒழுங்காகப் போய், பிறகு பேயாட்டம் ஆடியது. குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "குழாய்க்குள்ள நூத்துக்கு நூத்திநாப்பது பங்கு காத்து இருக்குங்குது. யார் எழுதின லட்சணம் இது?"

புகழ் என்றால் தனக்கு, பழி என்றால் பக்கத்து ஆளுக்கு. சாரின் சுபாவம் அது. கிருபாவதி நம்பியிருந்ததும் அதைத்தான். அவர் மோசம் செய்யவில்லை.

"நான் எழுதல சார்! முழுக்க இந்தப் பொண்ணு எழுதினது. இதுல ஒரு வரிகூட என்னுது இல்ல!"

கிருபாவதி எழுந்து நின்றாள். "ஆமா சார், ஒவ்வொரு வரியும் நான் எழுதினது. சார் சொன்னதை எல்லாரும் கேட்டீக. இப்ப பழைய ஸ்டெப்பை வச்சு ஓட்டவா?"

தலைவர் தலையாட்டினார். வந்த சாப்பாடு மேஜையிலேயே ஆறியது. கடைசியில் கோடு ஏறி, உச்சி தொட்டு, இறங்கி, ராக்கப்பன் குழாயில் அளந்த புள்ளிகளோடு ஒட்டிக்கொண்டு போனது. "அன்னைக்கு இப்படித்தான்யா உதைச்சது!" என்று ராக்கப்பன் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். தலைவர் கிருபாவதியின் முழுப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

எல்லாரும் கைகழுவப் போனதும் சார் பக்கத்தில் வந்தார். குரல் தேனாக ஒழுகியது. "ரெண்டு பேர் பேரையும் போட்டுக்குவோம் கிருபா. உன் பேரே முதல்ல இருக்கட்டும்."

"வேணாம் சார். ஒரு வரிகூட உங்களுது இல்லைன்னு சபையில சொன்னீக. உங்களைப் பொய்யராக்க எனக்கு மனசு வரல."

அவர்மேல் பரிதாபம் வரும் என்றுதான் அவளும் நினைத்தாள். வரவில்லை. நல்ல பசி வந்தது. போய் இலை முன்னால் உட்கார்ந்தாள்.